ஒழுகும் படகும் ஒரு நோட்டுப் புத்தகமும்

பாய்மரப் படகு வாங்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி "கவிழ்ந்துவிட்டால்?" என்பதுதான். புயல், பாறை, சுறா என்று பயங்கள் வரிசையாக வரும். மழை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பழைய ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றின் கதை கடலில் முடிவதில்லை. கரையோரம் கட்டிப் போட்ட இடத்திலேயே, மேலிருந்து சொட்டும் நல்ல தண்ணீரால், பத்துப் பதினைந்து வருடம் மெல்ல மெல்லச் செத்துப் போகின்றன. அடிப்பக்கம் கல் மாதிரி இருக்கும். மேல்தளம் ஊறிய பிஸ்கட் மாதிரி இருக்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இதைப் பார்க்கச் சரியான இடம். அங்கே வருடத்துக்குச் சுமார் 950 மில்லிமீட்டர் மழைதான். கேட்கும்போது பெரிய அளவாகத் தெரியாது. ஆனால் அது கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. வருடத்தில் ஏறத்தாழ 150 நாட்கள், அதுவும் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை, தூறலாகப் பெய்துகொண்டே இருக்கும். நவம்பரில் நனைந்த மேல்தளம் முழுசாகக் காய்வதற்கு ஏப்ரல், மே ஆகிவிடும். அதே ஊரில்தான் வீட்டு வாடகை விண்ணைத் தொடுகிறது, பழைய பாய்மரப் படகோ ஒரு மாத வாடகையை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சில சமயம் "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று சும்மாவே கொடுக்கிறார்கள். சும்மா கொடுப்பதற்குக் காரணம் இல்லாமல் இருக்குமா?

காரணம் புரிய, அந்தப் படகுகளின் மேல்தளம் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டும். 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் டிரைட்டன் என்ற 28 அடிப் படகு வந்தது. கார்ல் ஆல்பெர்க் வரைந்தது. சாதாரணக் குடும்பங்கள் வாங்குகிற ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகுகளின் காலம் அதையொட்டித்தான் சூடு பிடித்தது. அதற்குப் பின் வந்த எத்தனையோ படகுகளைப் போல அதன் மேல்தளமும் ஒரு சாண்ட்விச்தான். மேலே மெல்லிய ஃபைபர்கிளாஸ், கீழே மெல்லிய ஃபைபர்கிளாஸ், நடுவில் பால்சா மரம். பால்சா இறகு மாதிரி எடையில்லாத மரம். இப்படி வைத்தால் தளம் விறைப்பாகவும் இருக்கும், கனமும் ஏறாது. யோசனையில் ஒரு குறையும் இல்லை, மேல் தோலில் ஓட்டை போடாத வரைக்கும்!

ஆனால் பாய்மரப் படகு என்பதே ஓட்டைகளின் கூட்டம். கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கிளீட், கயிறு சுற்றும் வின்ச், காற்றுப்போக்கி, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகு வடங்கள் வந்து மாட்டும் செயின்பிளேட்டுகள், ஓரத்தில் ஆள் விழாமலிருக்க நிற்கும் ஸ்டான்ஷன் தூண்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து போல்ட். ஒரு நடுத்தரப் படகின் தளத்தில் நூற்றுக்கணக்கில் துளை இருக்கும். அத்தனையும் அந்த பால்சா வழியாகத்தான் போகின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி, கட்டிய அன்று யாரோ தடவிய ஒரு விரல் சீலண்ட். அந்த சீலண்ட்டுக்கு இப்போது ஐம்பது வயது.

உப்புத் தண்ணீர் உள்ளே போனால்கூட இவ்வளவு மோசம் இல்லை. மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. 19-ஆம் நூற்றாண்டில் மரக்கப்பல் கட்டியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கப்பலின் விலா மரங்களுக்கு நடுவே கல் உப்பைக் கொட்டி அடைத்து வைப்பார்கள். மரத்தளத்தைக் கடல் நீரால் கழுவிக்கொண்டே இருந்ததிலும் இரட்டை லாபம்: பலகை ஊறி இடுக்குகள் இறுகிக் கிடக்கும், உப்பும் ஏறும். (அந்த இடுக்குகளில் நார் அடைக்கிற வேலைக்குத் தமிழில் கலப்பற்று என்று அழகான பழைய சொல் ஒன்று இருக்கிறது. இப்போது யாரும் சொல்வதில்லை.) மழைத் தண்ணீரில் உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பால்சாவும், கொஞ்சம் ஈரமும், கொஞ்சம் காற்றும் கிடைத்தால் பூஞ்சைக்கு விருந்து.

இப்போது படகு வாங்கிய ஆசாமியிடம் வரலாம். சியாட்டிலில் எந்தப் படகுத்துறையிலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். ஜூனில் வாங்கினார். வெயில், காற்று, நண்பர்கள், எல்லாம் ஜோர். நவம்பரில் ஒரு ராத்திரி தலையணை நனைந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் கூரையின் ஒரு ஓரத்திலிருந்து சொட்டு. மறுநாள் கடைக்குப் போய் ஒரு டியூப் சிலிகோன் வாங்கி வருகிறார். சொட்டுக்கு நேர் மேலே என்ன இருக்கிறது? ஒரு கைப்பிடிக் கம்பி. மழை விட்ட பத்து நிமிஷத்தில், ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு பூச்சு. நான்கு நாள் கழித்து அதே சொட்டு. இன்னொரு பூச்சு, இந்த முறை உள்பக்கம், சொட்டு வரும் போல்ட்டின் நட்டைச் சுற்றி. சொட்டு நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று தூங்கப் போகிறார்.

அவர் அந்த ராத்திரி செய்ததுதான் படகைக் கொல்லும் வேலை. மேலே வழி திறந்தேதான் இருக்கிறது, தண்ணீர் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது. கீழே வெளியேறும் வழியை மட்டும் அடைத்தாகிவிட்டது. இனி அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் பால்சாதான். சொட்டிக்கொண்டிருந்தவரை படகு தன் நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அதன் வாயைப் பொத்திவிட்டார். சில வருடம் கழித்து வேறெங்கோ டீ நிறத்தில் தண்ணீர் வரும். அது அழுகிய மரத்தின் சாறு. அதற்குள் காலம் கடந்திருக்கும்.

ஒழுகலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் சங்கதி, சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் அநேகமாக ஒன்றாக இருக்காது என்பது. ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. உடைந்த ஓடு ஓரிடம், பாத்திரம் வைப்பது இன்னோரிடம். படகில் இது இன்னும் மோசம். தண்ணீர் மேல் தோலுக்குள் இறங்கி, பால்சாவின் வெட்டு இடுக்குகளில் ஊர்ந்து, கூரை உறைக்கும் தளத்துக்கும் நடுவே ஓடி, ஏதாவது ஒரு ஸ்க்ரூ கிடைக்கும் இடத்தில் சொட்டும். முன்மூக்கில் இருக்கும் கிளீட்டில் நுழைந்த நீர் நடுக் கேபினில் விழலாம். படகு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்றால் ஒரு இடம், வலப்பக்கம் சாய்ந்தால் வேறொரு இடம். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்பதைப் பொறுத்துக்கூடச் சொட்டு இடம் மாறும்.

ஆகவே கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அடைப்பது அதற்கப்புறம். இங்கே ஒரு வினோதமான சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை. சியாட்டில் மாதிரி ஊரில் ஒழுகல் தெரிவது நவம்பரில். சரிசெய்ய முடிவது ஜூலையிலும் ஆகஸ்டிலும். ஏனென்றால் ஈரத்தின் மேல் சீலண்ட்டும் ஒட்டாது, எபாக்ஸியும் ஒட்டாது. மரம் காய வேண்டும். நவம்பரில் படுக்கை நனைந்த ஆத்திரத்தில் இருக்கும் மனிதர் கையில் டியூபோடு நிற்கிறார். ஜூலையில் அதே மனிதருக்குச் சொட்டு ஞாபகமே இல்லை. சான் ஹுவான் தீவுகளுக்குப் போய்விட்டார். கண்டுபிடிக்க வேண்டிய பருவத்தில் பூசுகிறார், பூச வேண்டிய பருவத்தில் சுற்றுலா போகிறார். பழைய படகுகள் வீணாவதற்குப் பணமின்மையை விட இந்த மறதிதான் பெரிய காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதற்கு மருந்து ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். படகின் தளத்தை மேலிருந்து பார்ப்பது போல ஒரு படம் வரைந்து, ஒவ்வொரு துளையுள்ள சாமானுக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டால், குளிர்காலம் முழுக்க எழுத விஷயம் இருக்கும். எந்தத் தேதி, எவ்வளவு மழை, காற்று எந்தப் பக்கமிருந்து, படகு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எங்கே சொட்டியது, மழை தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து. கடைசிக் கேள்வி முக்கியம். ஐந்து நிமிஷத்தில் சொட்டினால் வழி குட்டையானது. ஒரு நாள் கழித்துச் சொட்டினால் தண்ணீர் எங்கோ தேங்கி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம், அது கெட்ட செய்தி. தெற்குக் காற்றோடு வரும் மழையில் மட்டும் ஒழுகினால் ஜன்னல் சட்டத்தையும் ஹேட்சின் ஓரத்தையும் சந்தேகப்படலாம். கூரை உறையை முடிந்த அளவு கழற்றி வைத்துவிட்டு, சந்தேகமான நட்டுகளின் கீழே டிஷ்யூ பேப்பரை டேப் போட்டு ஒட்டி வைத்தால் காலையில் எது நனைந்தது என்று அதுவே சொல்லும். அழகாக இருக்காது. போகட்டும்.

நோட்டில் பாதி விஷயங்கள் ஒழுகலே இல்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். குளிர்காலத்தில் உள்ளே புரொப்பேன் அடுப்பை எரித்துச் சூடு காய்கிறவர்கள், ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது என்பதை நினைப்பதில்லை. அத்தனையும் சில்லென்ற ஃபைபர்கிளாஸ் சுவரில் படிந்து மெத்தைக்கு அடியில் இறங்கும். மழையே இல்லாத குளிர் ராத்திரியிலும் மெத்தை நனைந்திருந்தால் அது மூச்சுக் காற்றும் அடுப்பும். அதற்கு வேண்டியது காற்றோட்டம், சீலண்ட் இல்லை. அதே மாதிரி, பாய்மரக் கம்பம் தளத்தைத் துளைத்துக்கொண்டு அடிவரை இறங்கும் படகுகளில், கயிறு வெளியே வரும் ஓட்டைகள் வழியாகக் கம்பத்துக்கு உள்ளேயே மழை இறங்கி அடியில் சேரும். அதை யாராலும் தடுக்க முடியாது. வடிந்து போக வழியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான்.

வசந்தம் வந்ததும் சந்தேகங்களை உறுதி செய்ய இரண்டு வழி. ஒன்று ஹோஸ் பைப். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே. கீழே இருக்கும் சாமானில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷமாவது, பீய்ச்சாமல் சும்மா ஓட விட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்து எல்லோரையும் குற்றவாளியாக்கிவிடும். இன்னொரு வழி இதை விடக் கெட்டிக்காரத்தனமானது. இலை ஊதும் பிளோயர் ஒன்றை ஹேட்சில் அட்டையும் டேப்பும் வைத்துப் பொருத்தி, காற்றுப்போக்கி, சிங்க் குழாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கேபினுக்குள் மெதுவாகக் காற்றை ஏற்றுவது. வெளியே தளத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் எங்கே வழியிருக்கிறதோ அங்கே நுரை பொங்கும். சைக்கிள் டியூப் பஞ்சரை வாளித் தண்ணீரில் பார்க்கிற அதே வித்தைதான். சொட்டு விழும் இடத்துக்கு எட்டடி தள்ளி நுரை பொங்குவதைப் பார்த்த பிறகு யாரும் கண்மூடித்தனமாக டியூபை எடுக்க மாட்டார்கள்.

பிறகு ஜூலை. ஒழுகுகிற சாமானை முழுசாகக் கழற்றியே ஆக வேண்டும். ஓரத்தில் பூசுவது என்ற சங்கதியே கிடையாது. பழைய சீலண்ட்டைச் சுரண்டி எடுத்து, துளைக்குள் கம்பியை விட்டுப் பார்த்தால் பால்சாவின் நிலைமை தெரியும். வெளுப்பாகக் காய்ந்து வந்தால் அதிர்ஷ்டம். கறுப்பாகச் சேறு மாதிரி வந்தால், டிரில்லில் வளைந்த ஆணியை மாட்டிச் சுழற்றி, இரண்டு தோலுக்கும் நடுவே துளையைச் சுற்றி இருக்கும் மரத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். நன்றாகக் காயவிட்டு அந்த இடத்தில் கெட்டியான எபாக்ஸியை நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் புதுத் துளை போட வேண்டும். இனிமேல் அந்த போல்ட்டைச் சுற்றி இருப்பது மரமில்லை, பிளாஸ்டிக். அடுத்த முறை சீலண்ட் தோற்றால் கேபின் நனையும், தளம் அழுகாது. இந்த ஒரு வேலையைக் கட்டும்போதே கம்பெனிகள் செய்திருந்தால் பாதிப் படகுகள் இன்றைக்கு நன்றாக இருந்திருக்கும்.

எந்த சீலண்ட் என்பதில் படகுக்காரர்கள் சண்டை போடுவது ரஜினி–கமல் சண்டையை விட மோசம். சிலிகோனைத் தளத்து சாமான்களுக்கு அண்டவே விடக்கூடாது. அது விட்டுப் போகும் வழவழப்பின் மேல் வேறெதுவும் ஒட்டாது, இன்னொரு சிலிகோன் உட்பட. (ஜன்னலில் அக்ரிலிக் தகடு ஒட்டுவதற்குக் கட்டிடக் கண்ணாடிக்கென்று வரும் ஸ்ட்ரக்சரல் சிலிகோன் மட்டும் விதிவிலக்கு. அங்கே பாலிசல்ஃபைடு வைத்தால் அக்ரிலிக்கை அது அரிக்கும்.) 3எம் 5200 மாதிரியான பாலியூரித்தேன் பசைகள் அபாரமாக ஒட்டும், அதுதான் பிரச்சினையும். ஒரு நாள் கழற்ற வேண்டிவந்தால் சாமானோடு தளத்தின் தோலும் பெயர்ந்து வரும். இந்த வேலைக்கு நிஜமாகவே பொருத்தமானது பியூட்டைல் டேப் என்ற பழைய, மலிவான, கறுப்பு அல்லது சாம்பல் நிறப் பிசின் நாடா. அது இறுகுவதே இல்லை. துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாக அகலப்படுத்தி, போல்ட்டின் கழுத்தில் ஒரு சுற்று பியூட்டைலைச் சுற்றி இறக்கினால் அந்தச் சரிவில் அது வளையமாக அமர்ந்துகொள்ளும். ஒரே நாளில் முறுக்காமல், பிதுங்கப் பிதுங்க மூன்று நாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். போல்ட்டின் தலையைத் திருப்பாமல் கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும், இல்லையென்றால் வளையம் கிழியும். மேலே ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு, கீழே ஒருவர் ஸ்பேனரோடு. தனியாகப் படகு வைத்திருப்பவர் பக்கத்துப் படகுக்காரரோடு நட்பாக இருக்க இதை விட நல்ல காரணம் வேண்டாம்.

கீழே நட்டு கைக்கு எட்டினால்தானே! பழைய படகுகளில் பெரும் அநியாயம் இதுதான். வேகமாகக் கட்டுவதற்காக கேபின் கூரையை ஒரே அச்சாக வார்த்து அடியில் ஒட்டிவிட்டார்கள். நட்டுகள் அதற்கு மேலே மாட்டிக்கொண்டன. அவற்றை எட்ட வேண்டுமானால் நல்ல கூரையை அறுத்து ஓட்டை போட வேண்டும். 1970-களில் தைவானில் கட்டப்பட்ட தேக்குத் தளப் படகுகள் இன்னொரு ரகம். பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். அந்தத் தேக்குப் பலகைகளை இறுக்க மேல் தோலில் ஆயிரக்கணக்கில் ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். "லீக்கி டீக்கி" என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வாங்குகிறவர் தேக்கின் அழகைப் பார்க்காமல் கூரைக்குள் கை போகுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

"இவ்வளவு மலிவான படகுக்கு எதற்கு இந்தப் பாடு, தார்ப்பாய் போட்டு மூடினால் போதாதா?" என்று கேட்கலாம். தார்ப்பாய் மோசமான யோசனை இல்லை. காற்று புகும்படி உயர்த்திக் கட்டினால், சிலிகோன் டியூபை விட ஆயிரம் மடங்கு மேல். நவம்பரில் செய்யத்தக்க ஒரே நேர்மையான ரிப்பேர் அதுதான். ஆனால் அதோடு நிறுத்த முடியாது, செயின்பிளேட்டுகளை நினைத்தால். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில், காற்றில்லாத ஈரத்தில் வருடக்கணக்காக நிற்கும் எஃகு, வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே விரிசல் விடும். ஒரு நாள் நல்ல காற்றில் அது ஒடிந்தால் பாய்மரக் கம்பம் ஆள் இருக்கும் இடத்தில்தான் விழும். ஸ்டான்ஷன் தூணும் அப்படித்தான். படகில் ஏறும்போது எல்லோரும் அதன் உச்சியைப் பிடித்து இழுக்கிறார்கள். அறுபது சென்டிமீட்டர் உயரத் தூண் ஒரு கடப்பாரை மாதிரி தன் அடித்தகட்டை நெம்புகிறது, சீலண்ட் பிளக்கிறது, பால்சா அழுகுகிறது. பிறகு அலையில் தடுமாறி ஒருவர் அதன் மேல் சாயும்போது தூண் தாங்குமா?

தளம் முழுக்க அழுகிய பிறகு தோலைக் கிழித்துப் புது மரம் வைப்பதற்குப் படகின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும். யாரும் செய்வதில்லை. படகு கை மாறுகிறது, இன்னும் மலிவாக, இன்னும் பணமில்லாத ஒருவரிடம். கடைசியில் ஏதோ ஒரு வளைகுடாவில் அநாதையாக நங்கூரமிட்டு நிற்கிறது. கைவிடப்பட்ட படகுகளை அகற்றுவதற்கென்று வாஷிங்டன் மாநிலம் 2002-ல் தனித் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதன் பிறகு 1000-க்கும் மேற்பட்ட படகுகளை அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். அத்தனையும் மழையால் போனவை என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஒரு நாள் ஒரு துளி சொட்டியிருக்கும், யாரோ ஒரு டியூபோடு போயிருப்பார்.

நோட்டு வைத்திருப்பவருக்கு அக்டோபரின் முதல் மழை கொஞ்சம் பரீட்சை ரிசல்ட் மாதிரி. டார்ச்சை எடுத்துக்கொண்டு கேபினுக்குள் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்க்கலாம். 7-ஆம் எண் ஸ்டான்ஷன், காய்ந்திருக்கிறது. 12, இடப்பக்க செயின்பிளேட், காய்ந்திருக்கிறது. 15, முன்மூக்குக் கிளீட், காய்ந்திருக்கிறது. 19, வலப்பக்க ஜன்னல், மழை தொடங்கி இருபது நிமிஷத்தில் கீழ் ஓரத்தில் ஈரம், தெற்குக் காற்று.